நகரத்து ஏழைகளிடையே கிறிஸ்தவ ஊழியம்: உதவி தூண்டிலாக இருந்ததா?

பழஞ்சுவடி (கேள்வி):

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழில் நகரங்களில் ஏழைகளிடையே நடைபெற்ற கிறிஸ்தவ ஊழியத்தைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க இரண்டே சித்திரங்கள்தாம் மாறி மாறி வருகின்றன. மிஷன்களின் வெளியீடுகளில், ஊழியர் இருண்ட சந்துக்குள் நுழைகிறார், குடிகாரன் மனந்திரும்புகிறான், அவன் குடும்பம் தழைக்கிறது. எதிர்த்தரப்பு எழுத்துகளிலோ, பசித்தவனிடம் ஒரு கிண்ணம் சூப்பை நீட்டி அவனுடைய நம்பிக்கையை விலைக்கு வாங்கிய கதையாகவே எல்லாம் முடிகிறது. இரண்டிலும் அந்த ஏழை மனிதர் வாய் திறப்பதே இல்லை என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

எனக்கு இரண்டு ஐயங்கள். தொலைதூர நாடுகளுக்கு மிஷனரிகளை அனுப்பிக்கொண்டிருந்த சபைகள், தங்கள் சொந்த நகரத்தையே மிஷன் களமாக எப்போது, எதனால் கருதத் தொடங்கின? உணவு, உடை, உறைவிடம் போன்ற பொருளுதவி இந்த ஊழியத்தில் தொடக்கத்திலிருந்தே இருந்ததா, அல்லது பிற்பாடு வந்து சேர்ந்ததா? தூண்டில் என்ற குற்றச்சாட்டு எந்த அளவுக்கு நிற்கும் என்பது இரண்டாவது கேள்வியின் விடையைப் பொறுத்தது என்று நினைக்கிறேன். மதம் சரியா தவறா என்ற விவாதத்துக்குள் போகாமல், நடந்தது என்ன என்பதை மட்டும் பேசினால் நன்றியுடையவனாவேன்.

ஏட்டுச்சுரை:

நண்பரே, உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் அதன் விடை பலரும் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. 1835இல் டேவிட் நாஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஹாக்ஸ்டன் பகுதியில் ஒரு சிறு வீட்டில் இருவரோடு கூடித் தொடங்கிய லண்டன் நகர மிஷன், தன் ஊழியர்கள் ஏழைகளுக்குக் காசோ பொருளோ கொடுக்கக் கூடாது என்று விதி வைத்திருந்தது. கொடுக்கத் தொடங்கினால் வீட்டுக்கு வரும் ஊழியரின் முகத்தைப் பார்க்காமல் கையைத்தான் பார்ப்பார்கள், பக்தியும் பாசாங்கும் பிரித்தறிய முடியாமல் போகும் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஆக, தூண்டில் என்ற பழி வந்துவிடக் கூடாதே என்ற எச்சரிக்கை, பழி சொன்னவர்களுக்கு முன்பே மிஷனுக்குள் இருந்தது.

இனி முதல் கேள்வி. ஒரு கோவிலின் பொறுப்பில் ஓர் ஊர்ப்பகுதி என்ற பழைய பங்கு முறை கிராமத்து அளவுக்கு அமைந்தது: ஒரு கோவில், ஒரு போதகர், அவருக்குப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த சில நூறு குடும்பங்கள். பஞ்சாலைகளும் துறைமுகங்களும் மக்களை நகரங்களுக்கு இழுத்தபோது ஒரே பங்கில் பல்லாயிரம் பேர் நெருக்கியடித்துக் குடியேறினார்கள், கோவிலில் இருக்கைகளோ அதே பழைய எண்ணிக்கையில் இருந்தன. அவற்றிலும் பல இருக்கைகளுக்கு ஆண்டு வாடகை இருந்தது. வாடகை கட்ட முடியாதவர் கடைசியில் நிற்க வேண்டும், அல்லது வராமல் இருக்க வேண்டும். உடுத்திக்கொண்டு வருவதற்கு நல்ல துணி இல்லாத கூச்சத்தையும் இதனோடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழை கடவுளை விட்டு விலகினான் என்று பிரசங்க மேடைகளில் வருந்தியவர்களில் எத்தனை பேர் இந்த இருக்கை வாடகையை எண்ணிப் பார்த்தார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றும்.

இந்த நிலையை முதலில் ஒரு திட்டத்தோடு எதிர்கொண்டவர் ஸ்காட்லாந்துப் போதகர் தாமஸ் சால்மர்ஸ். 1819இல் கிளாஸ்கோ நகரில், ஏறத்தாழ 10,000 பேர் வாழ்ந்த செயின்ட் ஜான் பங்கை ஏற்ற அவர், அதை 25 சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு டீக்கனின், அதாவது குருவல்லாத ஒரு சபை உறுப்பினரின், பொறுப்பில் விட்டார். உதவி கேட்பவரின் குடும்பத்தை நேரில் விசாரித்து, உறவினரும் அண்டை வீட்டாரும் தாங்க முடியாதபோது மட்டுமே பங்கின் நிதியைத் தொட வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. ஏழைகளுக்கான ஆண்டுச் செலவு 1,400 பவுனிலிருந்து 280 பவுனாகக் குறைந்தது என்பதை அவருடைய ஆதரவாளர்கள் பெரும் வெற்றியாகக் கொண்டாடினார்கள். செலவு குறைந்ததா, வறுமை குறைந்ததா என்ற கேள்வியை எதிர்த்தரப்பினர் அப்போதே எழுப்பினார்கள், எனக்கும் அந்தக் கேள்வியே சரியென்று படுகிறது. ஆனால் நகரத்தைக் கிராம அளவுத் துண்டுகளாக்கி, ஒவ்வொரு வாசற்படியையும் ஒருவர் மிதிக்க வேண்டும் என்ற அவருடைய முறை மட்டும் அவருக்குப் பின்னும் நிலைத்தது. நாஸ்மித் 1826இல் கிளாஸ்கோவில் தொடங்கிய நகர மிஷன் அந்த முறையைச் சம்பளம் பெறும் சாதாரண விசுவாசிகளிடம் ஒப்படைத்தது. பல சபைகளைச் சேர்ந்தவர்களும் இணைந்து நடத்தியதால், எந்தச் சபைக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்ற சண்டையும் ஓரளவு தவிர்க்கப்பட்டது.

விதி ஒருபுறம் இருக்க, நடைமுறை என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அதில் நீங்கள் தேடும் ஏழையின் குரலும் இருக்கிறது. லண்டன் நகர மிஷனில் தாமஸ் ஜாக்சன் என்றொரு ஊழியர் இருந்தார். திருடர்கள் வாழ்ந்த பகுதியே அவருக்கு ஒதுக்கப்பட்ட வட்டாரம். 1848இல் அந்தத் திருடர்கள், பிற்காலத்தில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு என்று அறியப்பட்ட ஆஷ்லி பிரபுவைத் தங்கள் கூட்டத்துக்கு அழைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் திரண்ட அந்தக் கூட்டத்தில் ஜெபமும் வேதவாசிப்பும் முடிந்த பின் ஒருவர் எழுந்து, ஜெபம் மிக நல்லதுதான், ஆனால் வெறும் வயிற்றை அது நிரப்பாது என்ற பொருளில் பேசியதாக ஷாஃப்ட்ஸ்பரியின் வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு அவர்களில் பலர் குடியேற்ற நாடுகளுக்குச் சென்று பிழைக்க வழி செய்யப்பட்டது. கொடுக்கக் கூடாது என்ற விதியோடு உள்ளே போன ஊழியம், உள்ளே இருந்தவர்கள் கேட்டதால்தான் மாறியது என்பது என் துணிபு. நகர மிஷன் ஊழியர்களின் வட்டாரங்களில் முளைத்த கந்தல் பள்ளிகளும், அவற்றை ஒருங்கிணைக்க 1844இல் ஆஷ்லியின் தலைமையில் உருவான சங்கமும் இதே போக்கின் வேறொரு கிளை. உடுத்தியிருந்த கந்தலால் வேறெந்தப் பள்ளியும் சேர்க்காத பிள்ளைகளுக்கான இலவசப் பள்ளிகள் அவை.

வைகறை:

மேலே உள்ள பதிவில் ஆண்களே நடமாடுகிறார்கள். கதவைத் திறந்தது பெரும்பாலும் பெண்கள் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். 1857இல் எலன் ரன்யார்ட் என்ற பெண்மணி லண்டனின் செயின்ட் கைல்ஸ் சேரிக்கு அனுப்பிய வேதாகமப் பெண், மேலிடத்துச் சீமாட்டி அல்லர், அதே வகை வறுமையை வாழ்ந்து கடந்தவர். அவர் வேதாகமத்தை இனாமாகக் கொடுக்கவில்லை, வாரம் ஒரு சிறு தொகையாக வாங்கிக்கொண்டு தவணையில் விற்றார். அதே முறையில் போர்வைக்கும் உடுப்புக்கும் துணி வாங்கித் தைக்கத் தாய்மார் கூட்டங்கள் நடந்தன. 1868 முதல் இதே அமைப்பு, பயிற்சி பெற்ற செவிலியரை ஏழைகளின் வீடுகளுக்கே அனுப்பத் தொடங்கியது.

காசு கொடுத்து வாங்கியவருக்கு மறுக்கும் உரிமையும் இருக்கிறது. அந்த வகையில், விலை வைத்ததே மரியாதை என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் வேதாகமப் பெண்ணுக்கு மேல் ஒரு நடுத்தர வர்க்கத்துக் கண்காணிப்பாளர் எப்போதும் இருந்தார் என்பதையும், கணக்கையும் முடிவையும் அவரே வைத்திருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது. சேரியைச் சேர்ந்தவர் என்பதற்காகவே பணியில் அமர்த்தப்பட்ட ஒருவர், அதே காரணத்துக்காக மேலே உயர முடியாமலும் இருந்தார்.

தராசுமுள்:

ஏட்டுச்சுரை அவர்களின் வாதத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆயினும், கேட்டுப் பேசத் தெரிந்த வளர்ந்தவர்களை வைத்து மட்டும் அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். குழந்தைகளை வைத்துப் பாருங்கள், குற்றச்சாட்டு நன்றாகவே நிற்கும்.

அயர்லாந்தின் டப்ளின் நகரை எடுத்துக்கொள்வோம். 1840களின் பெரும்பஞ்சத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் அங்கே புராட்டஸ்டன்ட் அமைப்புகள் உணவும் பள்ளியும் விடுதியும் நடத்தின, கத்தோலிக்க ஏழைகளின் பிள்ளைகள் அவற்றில் சேர்ந்தார்கள். அப்படி மாறியவர்களைச் சூப்புக்கு விலைபோனவர்கள் என்று ஊரார் ஏசினார்கள், அந்த ஏச்சு தலைமுறைகளுக்கு ஒட்டிக்கொண்டது. இதற்கு எதிர்வினையாக மார்கரெட் எய்ல்வர்ட் என்ற கத்தோலிக்கப் பெண்மணி 1857இல் செயின்ட் பிரிஜிட் அநாதை இல்லத்தைத் தொடங்கினார். அவர் பிள்ளைகளைப் பெரிய கட்டடத்தில் அடைக்காமல் நாட்டுப்புறக் குடும்பங்களில் வளர்க்கக் கொடுத்தார் என்பது அக்காலத்துக்குப் புதுமை. ஆனால் ஒரு சிறுமியைத் தாயிடம் ஒப்படைக்கும் வழக்கில் நீதிமன்றத்தை அவமதித்ததாக 1860இல் அவருக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. இரண்டு சபைகளும் ஒரு குழந்தையின் இரண்டு கைகளைப் பிடித்து இழுத்த காலம் அது, இரு தரப்பும் அதற்கு இரட்சிப்பு என்றே பெயர் வைத்திருந்தன.

லண்டனில் தாமஸ் பர்னார்டோவின் கதையும் இதுவே. 1870இல் ஸ்டெப்னியில் ஆதரவற்ற சிறுவர் இல்லம் தொடங்கிய அவருடைய பணியால் உயிர் பிழைத்த பிள்ளைகள் ஏராளம் என்பதில் ஐயமில்லை. ஆனால் இல்லத்துக்கு வருமுன், வந்தபின் என்று அவர் விற்ற நிழற்படங்களில் சில, பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே கந்தல் உடுத்தி எடுக்கப்பட்டவை என்ற புகார் 1877இல் நடுவர் விசாரணை வரை சென்றது. பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து அவர் விடுவிக்கப்பட்டாலும், படங்களைப் புனைந்த முறையை நடுவர்கள் கண்டித்தார்கள். பெற்றோரின் சம்மதமில்லாமலே பிள்ளைகளை அகற்றியதை அவரே 'நல்லெண்ணக் கடத்தல்' என்ற பொருளில் குறிப்பிட்டு நியாயப்படுத்தியிருக்கிறார்.

நியூயார்க்கில் சார்லஸ் லோரிங் பிரேஸ் என்ற போதகர் 1853இல் தொடங்கிய குழந்தைகள் உதவிச் சங்கம், மறு ஆண்டு முதல் தெருப்பிள்ளைகளை ரயிலேற்றி மேற்கத்திய மாநிலங்களின் பண்ணைக் குடும்பங்களுக்கு அனுப்பியது. 1929 வரை நீடித்த இந்த இயக்கத்தில் பல அமைப்புகள் வழியாக ஏறத்தாழ 2,00,000 பிள்ளைகள் அனுப்பப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. சிலருக்கு நல்ல வீடு வாய்த்தது, சிலர் கூலியில்லா வேலையாட்களாக வளர்ந்தார்கள். அவர்களில் பலர் அநாதைகளே அல்லர், பெற்றோர் உயிரோடு இருந்தவர்கள். ஐரிஷ் கத்தோலிக்கப் பிள்ளைகள் புராட்டஸ்டன்ட் வீடுகளில் சேர்க்கப்பட்டது நெடுங்காலப் பகையாக மாறியது. ஏழைத் தாய் தகப்பனால் பிள்ளையை வளர்க்க முடியாது என்ற முன்முடிவுதான் இவை அனைத்துக்கும் அடியில் இருந்தது. அதைத் தூண்டில் என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனெனில் தூண்டிலைக் கவ்வுவதா வேண்டாமா என்ற தெரிவாவது மீனுக்கு இருக்கும்.

பழஞ்சுவடி:

மூவருக்கும் நன்றி. தராசுமுள் அவர்கள் காட்டிய வேறுபாட்டை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. இன்னும் ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. ஏழ்மைக்குக் காரணம் குடியும் ஒழுக்கக்கேடும் என்று நம்பிய ஊழியம், கூலியும் வீட்டு வசதியும் காரணம் என்று எப்போது பேசத் தொடங்கியது? இரட்சணிய சேனையை (Salvation Army) அந்தத் திருப்பமாகக் கொள்ளலாமா?

கரைசேராதவன்:

கொள்ளலாம், ஆனால் சேனை அந்த இடத்துக்கு வந்து சேர இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. 1865இல் வில்லியம் பூத் கிழக்கு லண்டனில் கூடாரம் போட்டுப் பிரசங்கித்தபோதும், 1878இல் அந்த மிஷன் இரட்சணிய சேனை என்று பெயர் மாறியபோதும், அவருடைய நோக்கம் ஆத்தும ஆதாயம் மட்டுமே. இதற்கிடையில் 1883இல் ஆண்ட்ரூ மெர்ன்ஸ் என்ற சபைப் பணியாளர் லண்டன் சேரிகளைப் பற்றி வெளியிட்ட சிறு துண்டுநூல், ஒரே அறையில் ஒரு குடும்பம் முழுவதும் அடைந்து கிடப்பதையும் அதற்கு அவர்கள் கொடுக்கும் வாடகையையும் பேசியது. மறு ஆண்டே உழைக்கும் மக்களின் வீட்டு வசதி குறித்து அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அந்த நூல் மட்டுமே ஆணையத்தை உண்டாக்கவில்லை, என்றாலும் வீடு வீடாகப் போனவர்கள் சேர்த்த செய்தி அதற்கு எரிபொருளாயிற்று. திருப்பம் எங்கே என்று கேட்டால் நான் 1883ஐத்தான் சொல்வேன்.

பூத் 1890இல் வெளியிட்ட பெருந்திட்ட நூலில் ஒரு வாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். லண்டன் தெருவில் ஒரு வண்டிக் குதிரை சறுக்கி விழுந்தால், அது ஏன் விழுந்தது, அதன் நடத்தை எப்படிப்பட்டது என்று யாரும் விசாரிப்பதில்லை, முதலில் தூக்கி நிறுத்துகிறார்கள். உயிரோடு இருக்கும்வரை அதற்குத் தீனியும் தொழுவமும் வேலையும் உண்டு. அந்த அளவு மனிதனுக்கும் கிடைக்கட்டும் என்றார் அவர். உதவி பெறத் தகுதியுள்ள ஏழை, தகுதியில்லாத ஏழை என்று பிரித்துக்கொண்டிருந்த தரும சங்கங்களுக்கு இதைவிட எளிய பதில் கிடையாது. அதே நூலில் ஏழைகளைப் பண்ணைக் குடியிருப்புகளுக்கும் பிறகு கடல்கடந்த குடியேற்றங்களுக்கும் அனுப்பும் திட்டம் வருகிறது. தராசுமுள் அவர்களுக்கு அது பிடிக்காது, எனக்கும் பிடிக்கவில்லை.

கூலி விஷயத்தில் சேனை செய்த உருப்படியான காரியம் தீப்பெட்டித் தொழிற்சாலை. அந்நாளில் தீக்குச்சி முனையில் வெள்ளைப் பாஸ்பரஸ் பூசப்பட்டது. அதன் ஆவி தொழிலாளரின் தாடை எலும்பை அழுகச் செய்தது. விலை கூடுதலான சிவப்புப் பாஸ்பரஸில் இந்தத் தீங்கு இல்லை. 1888இல் கிழக்கு லண்டனின் போ (Bow) பகுதித் தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஏறத்தாழ 1,400 பெண்களும் சிறுமியரும் வேலைநிறுத்தம் செய்து தங்கள் நிலையை ஊரறியச் செய்தார்கள். 1891இல் சேனை பக்கத்திலேயே ஓல்ட் ஃபோர்டில் சிவப்புப் பாஸ்பரஸ் மட்டும் பயன்படுத்தும் தொழிற்சாலையைத் திறந்து, மற்ற இடங்களில் இரண்டரைப் பென்ஸுக்கும் குறைவாகக் கிடைத்த அதே வேலைக்கு, 144 பெட்டிகளுக்கு 4 பென்ஸ் கொடுத்தது. தீப்பெட்டியின் விலை கூடுதலாக இருந்ததால் வியாபாரத்தில் அது நிலைக்கவில்லை, பத்தாண்டுகளில் கைமாறிப் போயிற்று. வெள்ளைப் பாஸ்பரஸைத் தடை செய்யும் சட்டம் 1908இல் நிறைவேறியது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் எழுந்து நின்றவர்கள் தொழிலாளப் பெண்கள், மிஷன் அடுத்து வந்தது, சட்டம் எல்லாருக்கும் பின்னால் வந்தது. சேனையின் நூல்களில் இந்த வரிசை பெரும்பாலும் இடம் மாறியிருக்கும்.

ஊழியத்தால் எத்தனை பேர் சபைக்கு வந்தார்கள் என்று கேட்டால், சார்லஸ் பூத்தின் ஆய்வைப் பாருங்கள் (இவர் வேறு பூத், வில்லியமுக்கு உறவில்லை). லண்டனின் சமய அமைப்புகளைப் பற்றி 1902–03இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளின்படி, உழைக்கும் மக்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சபையிலும் ஒட்டவில்லை. ஒரே ஏழை வட்டாரத்தில் பல மிஷன்கள் போட்டி போட்டதையும், உதவியைக் காட்டி ஆள் சேர்க்க முயன்றதையும் அவர் கடுமையாகவே எழுதுகிறார். மக்களோ எங்கே என்ன கிடைக்கும் என்பதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். தூண்டில் இருந்தது உண்மைதான். பல நேரம் இரையைத் தின்றுவிட்டு மீன் போய்விட்டது என்பதும் உண்மை.

ஏட்டுச்சுரை:

குழந்தைகள் விஷயத்தில் தராசுமுள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், என் பதிவில் அது பெரிய குறைதான். இந்தத் திரி லண்டனையே சுற்றி வருவதால், வேறொரு வழியில் போனவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை.

ஜப்பானில் காகவா டோயோஹிகோ என்ற இறையியல் மாணவர், 1909ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், தமது 21ஆம் வயதில், கோபே நகரின் ஷின்காவா சேரியில் ஒரு சிற்றறைக்குக் குடிபோனார். அங்கே தொற்றிய கண்நோய் அவர் பார்வையை வாழ்நாள் முழுவதும் பாதித்தது. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவது என்ற முறையை அவர் கைவிட்டதன் விளைவு, தனிமனித உதவியால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்ற முடிவுக்கு வந்து தொழிற்சங்கத்தில் இறங்கினார். 1921இல் கோபே கப்பல் கட்டும் தளங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தின் தலைவர்களில் ஒருவராக நின்றார், அதே ஆண்டு அங்கே நுகர்வோர் கூட்டுறவு உருவாகவும் காரணமானார். ஆனால் 1915இல் வறியோரின் உளவியலைப் பற்றி அவர் எழுதிய நூலில், ஒதுக்கப்பட்ட புராக்கு மக்களை இனத்தாலேயே தாழ்ந்தவர்களாகக் காட்டும் பகுதிகள் உள்ளன, அதற்காக அவர் இன்றுவரை கண்டிக்கப்படுகிறார். சேரியிலேயே வாழ்ந்த ஒருவரால்கூட இப்படி எழுத முடிந்தது என்பதை என்னால் எளிதில் விழுங்க முடியவில்லை.

பிரான்சில் 1943இல் இரண்டு குருக்கள் எழுதிய ஒரு நூல், பாரிஸின் தொழிலாளர் குடியிருப்புகளைச் சுட்டி, பிரான்சே மிஷன் நாடாகிவிட்டதா என்று கேட்டது. உங்கள் முதல் கேள்வியை, பழஞ்சுவடி அவர்களே, அவர்கள் நூறாண்டு கழித்துக் கத்தோலிக்கத் தரப்பிலிருந்து கேட்டார்கள். அதன் தொடர்ச்சியாகச் சில குருக்கள் அங்கியைக் கழற்றிவிட்டுத் தொழிற்சாலைகளிலும் துறைமுகங்களிலும் கூலிக்கு வேலை செய்யப் போனார்கள். அவர்களிடம் கொடுப்பதற்குச் சூப்பும் இல்லை, துணியும் இல்லை, பக்கத்து இயந்திரத்தில் நிற்பவருக்குக் கிடைத்த அதே கூலிதான் அவர்களுக்கும் கிடைத்தது. 1954 வாக்கில் அவர்கள் ஏறத்தாழ நூறு பேர். தொழிற்சங்கங்களிலும் போராட்டங்களிலும் அவர்கள் கலந்துகொண்டதைக் கண்டு அஞ்சிய உரோமைத் திருச்சபைத் தலைமை, அந்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதிக்குள் வேலையை விட்டுவிடும்படி ஆணையிட்டது. ஏறத்தாழப் பாதிப் பேர் கீழ்ப்படிந்தார்கள். மற்றவர்கள் தொழிற்சாலையிலேயே இருந்துவிட்டார்கள்.